ஒண்டிக்கு ஒண்டி

"ஒத்தையில போகாதே" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மிடையே அரிது. கடைக்குப் போனாலும் கல்லூரிக்குப் போனாலும் துணைக்கு ஒருவர் வேண்டும். அந்தத் துணை ஐந்து வயதுத் தம்பியாக இருந்தாலும் போதும். துணையில்லாதவளை 'ஒண்டிக்கட்டை' என்று இரக்கத்தோடு பார்க்கும் இதே மொழியில்தான் 'ஒண்டிக்கு ஒண்டி வர்றியா?' என்ற தெருச்சண்டை அறைகூவலும் இருக்கிறது. அறைகூவல் விடுபவன் ஆண். தனித்து நிற்பது அவனுக்கு வீரம், அவளுக்குக் குறை.

விளையாட்டில் ஒண்டிக்கு ஒண்டி நிற்பதற்கு ஒற்றையர் ஆட்டம் என்று பெயர். இரட்டையர் இருக்க ஒற்றையரை விரும்பும் பெண்ணை அகங்காரி என்றும் அனுசரித்துப் போகத் தெரியாதவள் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் கேட்பது வேறு. ஆடுகளத்தில் தனக்கான இடத்தையும், வெற்றிக்கும் தோல்விக்கும் தன் பெயரையும் கேட்கிறாள். பெண்கள் அதைக் கேட்கத் தொடங்கி நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது நம் நகரங்களில் பரவிவரும் பிக்கிள்பாலிலிருந்து தொடங்கலாம். 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் நண்பர்களும் விடுமுறைப் பொழுதுபோக்காக இதை உருவாக்கினார்கள். பெயர் வைத்தவர் ஜோயலின் மனைவி ஜோன். ஆடுகளத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையின் இருபுறமும் 7 அடிக்கு ஒரு பட்டை உண்டு. அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்தப் பட்டையை ஆட்டக்காரர்கள் 'கிச்சன்' என்கிறார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு ஓங்கி அடிக்க முடியாது என்பது நமக்குப் புதிய விதியல்ல.

இந்த ஆட்டத்தின் ஒரு தன்மையைக் கவனிக்க வேண்டும். டென்னிஸில் இரட்டையர் களத்தின் அகலம் 36 அடி, ஒற்றையருக்கு 27 அடிதான். இறகுப்பந்தில் 20 அடி, ஒற்றையருக்கு 17 அடியாகக் குறையும். பிக்கிள்பாலில் குறைப்பே இல்லை. தனியாக ஆடுபவளுக்கும் முழு 20 அடி உண்டு. கலப்பு இரட்டையரில் அவள் பங்கு கணக்குப்படி பாதி. நடைமுறையில் அதுவும் மிஞ்சுவதில்லை. நடுவில் வரும் பந்தெல்லாம் பெரும்பாலும் ஆணுடையது. அவள் பக்கம் வரும் பந்துக்கும் அவன் குறுக்கே பாய்வான். வென்றால் அவன் ஆட்டம், தோற்றால் அவள் தவறு. மணிக்கணக்கில் வாடகை தரும் இடங்களில் நான்கு பேர் சேர்ந்தால் செலவு குறையும். அதனால் ஒற்றையர் கேட்பவளுக்கு "இடத்தை வீணாக்காதே" என்ற பதிலும் கிடைக்கும்.

தனியாக நிற்கப் பெண்கள் கேட்டதன் தொடக்கத்தை விம்பிள்டனில் பார்க்கலாம். 1877-இல் போட்டி தொடங்கியபோது ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். 1884-இல் பெண்கள் ஒற்றையர் வந்தது. பதின்மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். தரையைத் தொடும் பாவாடையோடு ஆடிய இறுதிப் போட்டியில் மாட் வாட்சன் தன் அக்கா லிலியனை வென்றார். பரிசு ஒரு வெள்ளிப் பூக்கூடை. தோற்ற அக்காவுக்குக் கைக்கண்ணாடியும் தலைவாரும் பிரஷும். பரிசு எப்படி இருந்தாலும் முடிவு ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. பெண்கள் இரட்டையரும் கலப்பு இரட்டையரும் அங்கே முழுமையான சாம்பியன் போட்டிகளாக ஆனது 1913-இல்தான்.

பெயர் முழுதாகக் கைக்கு வர இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1973-இல் ஒற்றையர் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங், விம்பிள்டன் வெற்றியாளர் பலகையில் 'திருமதி எல். டபிள்யூ. கிங்'. 1981-இல் வென்ற கிறிஸ் எவர்ட் 'திருமதி ஜே. எம். லாயிட்'. முதலெழுத்துகள் கணவருடையவை. தனியாக ஆடி வென்ற பிறகும் பலகையில் இரட்டையராகவே நின்றார்கள். பெண்களின் பெயர்களுக்கு முன்னிருந்த 'செல்வி', 'திருமதி' அடைமொழிகள் 2022-இல்தான் நீக்கப்பட்டன.

இந்தியப் பெண்களின் கதையிலும் இதே இழுபறி உண்டு. சேலை கட்டியே டென்னிஸ் ஆடிய மெஹர்பாய் டாட்டா, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் முகமது சலீமுக்கு இணையாகக் கலப்பு இரட்டையரில் இடம்பெற்றவர். பத்தாண்டு கழித்து, 1934-இல், லீலா ராவ் விம்பிள்டன் ஒற்றையரில் ஒரு சுற்றை வென்றார். அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அவருடைய தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருதக் கவிஞர், டென்னிஸும் ஆடியவர். மட்டையும் பேனாவும் தாய்வழிச் சொத்தாக வந்த வீடு அது. அடுத்து நம் கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன். 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களும் சேர்க்கப்பட்ட ஓப்பன் காலத்தில், கிராண்ட்ஸ்லாம் முதன்மைச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது.

சானியா மிர்சாவின் கதை இன்னும் சிக்கலானது. 2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடம்வரை போனவர். மணிக்கட்டும் முழங்காலும் படுத்திய பாட்டில் பின்னர் ஒற்றையரை விட்டார். 2015-இல் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இடையில் 2012 இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸோடு இணைந்து ஆட மகேஷ் பூபதியும் ரோகன் போபண்ணாவும் மறுத்தார்கள். சங்கம் கண்டுபிடித்த சமாதானம், கலப்பு இரட்டையரில் சானியாவைப் பயஸுக்கு இணையாக்குவது. அதே ஜூன் மாதம்தான் அவர் பூபதியோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றிருந்தார். ஆண்களின் மனத்தாங்கலைத் தீர்க்கத் தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று சானியா வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். இரண்டு வீட்டுப் பகையைத் தீர்க்கப் பெண் கொடுக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு அது புரியாத அறிக்கையல்ல.

இரட்டையர் தாழ்ந்த ஆட்டமல்ல. தானே தேர்ந்தெடுத்த இணையோடு ஆடுவது வேறு, இணையாக ஒப்படைக்கப்படுவது வேறு. சானியாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் சேர்ந்து ஆடியது முதல் வகை.

இதை எழுதும்போது பழவேற்காடு ஏரியையும் காட்டூர்ப் பக்கத்து மீனவக் கிராமங்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலையிடுவது என்பதைப் 'பாடு' முறை தீர்மானிக்கிறது. அந்த முறையில் பங்கு ஆணுக்கு. ஊர்க் கணக்கின் அலகு தலைக்கட்டு. தலை என்றால் ஆண் தலை. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும் உழைப்பில் இணை, கணக்கில் இல்லை. ஆடுகளத்தில் அரைப்பங்குக்கும் குறைவாக நிற்கும் பெண்ணை இங்கே வேறு உடையில் காண்கிறோம்.

இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளியில் ஆடுவது கபடி, கோகோ, எறிபந்து, வளையப்பந்து. முதல் மூன்றும் குழு ஆட்டங்கள். வளையப்பந்தில் ஒற்றையரும் உண்டு. ஒரு ரப்பர் வளையமும் குறுக்கே கட்ட ஒரு வலையும் போதும். வலைக்கு இந்த ஊர்களில் பஞ்சமில்லை. பஞ்சம், தனியாக ஆடப் பெண்ணுக்குக் கிடைக்கும் பொழுதுக்கு.

வடசென்னைக்கு வந்தால் கேரம் பலகை இருக்கிறது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் கேரம் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வென்றார். ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்றிலும். தனியாக ஆடத் தெரிந்தவளுக்குச் சேர்ந்து ஆடத் தெரியாது என்பவர்களுக்கு அந்த மூன்று பதக்கங்களே பதில்.

அதனால் மைதானத்துக்கு வரும் பெண்பிள்ளையிடம் "உனக்கு ஜோடி யார்?" என்று கேட்பதற்கு முன்னால் "எதில் ஆடப்போகிறாய்?" என்று கேட்போம். அவள் ஒற்றையர் என்றால், முழுக் களத்தையும் அவளுக்கு விட்டுவிட்டு ஓரமாக நிற்போம். ஆடி முடித்ததும் முடிவை அவள் பெயரிலேயே எழுதுவோம். தோல்வியாக இருந்தாலும் அது அவளுடையது.