மயங்கிய ஈயும் குழாயில் வைத்த சவ்வும்

"மூளையை அறிய ஈயை எதற்கு ஆராய வேண்டும்?" அல்சூர் ஏரிக்கரையில் முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வி இது. இதற்கான விடை, இந்நகரோடு தொடர்புடைய ஒரு வரலாற்றில் உள்ளது.

நரம்பு முனையில் நரம்பியக்கடத்திகள் நுண்பைகளில் அடைபட்டுள்ளன. தூண்டல் வந்ததும் நுண்பை வெளிச்சவ்வோடு இணைந்து அவற்றை வெளியிடுகிறது. பின்னர்ச் சவ்வு உள்வாங்கப்பட்டு மீண்டும் நுண்பையாகிறது. இச்சுழற்சியை அறிய எளிய மாதிரிகள் தேவைப்பட்டன. மூளைத் திசுவைச் சர்க்கரைக் கரைசலில் அரைத்தால் நரம்பு முனைகள் அறுபட்டுத் தாமே மூடிக்கொள்ளும். விக்டர் விட்டேக்கர் குழுவினர் 1964இல் இவற்றுக்குச் 'சினாப்டோசோம்' எனப் பெயரிட்டனர். கடத்திகளை ஏற்கவும் வெளியிடவும் இவற்றால் இயன்றது. ஆனால் உயிருள்ள விலங்கில் எந்தப் புரதம் இன்றியமையாதது என்பதை இவை மட்டும் சொல்லிவிட இயலாது.

ஒபைத் சித்திக்கி 1962இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கியவர். பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கியவர். வெப்பம் கூடினால் செயலிழந்து விழும் பழ ஈ வகைகளை 1976இல் அவரும் சீமோர் பென்சரும் விவரித்தனர். அவற்றுள் ஒன்று 'கோமடோஸ்'. குளிர்ந்த பின்னும் அது மெல்லத்தான் எழும். அடிப்படையான மூலக்கூற்றுக் காரணம் அன்று விளங்கவில்லை.

வேறொரு திசையில், ஜேம்ஸ் ராத்மனின் ஆய்வகம் செல்களை உடைத்தெடுத்த கோல்கி சவ்வுகளைக் குழாயில் வைத்து ஆராய்ந்து, நுண்பை இணைவுக்குத் தேவையான என்எஸ்எஃப் புரதத்தை 1988இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. 1995இல் இருபாதைகளும் சந்தித்தன: கோமடோஸ் ஈயில் பழுதுற்றிருந்தது என்எஸ்எஃப் மரபணுவே. இடைப்பட்டவை 19 ஆண்டுகள்.

'ஷிபிரே' என்னும் ஈயில் பழுது சுழற்சியின் மறுபாதியில் உள்ளது. வெப்பத்தில் டைனமின் புரதம் செயலிழப்பதால் சவ்வு உள்ளே திரும்புவதில்லை. மணி ராமசாமி, கே. எஸ். கிருஷ்ணன் (இராமனுடன் பணியாற்றிய இயற்பியலாளர் வேறு), ரெஜிஸ் கெல்லி ஆகியோர் 1994இல் ஒளிரும் சாயத்தைக் கொண்டு, ஈயின் இளம்புழுவில் இச்சுழற்சியின் இடைநிலைகளைக் காட்டினர். டைனமினுக்கு வேண்டிய ஜிடிபியை நியூக்ளியோசைடு டைபாஸ்பேட் கைனேஸ் என்னும் நொதி வழங்குவதைக் கிருஷ்ணனும் ராமசாமியும் குழுவினரும் 2001இல் நிறுவினர்.

எளிய மாதிரி புரதத்தை இனங்காட்டியது. அது இல்லையேல் உயிருக்கு என்ன நேரும் என்பதை ஈ சொன்னது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை பாதியில் நின்றிருக்கும். காரணம் தெரியாத ஈயைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காத்தவர்கள் இல்லாவிடில், 1995இல் ஒப்பிட எதுவும் இருந்திராது. மூன்றாண்டு நிதிக்கு எழுதப்படும் நம் ஆய்வுத் திட்டங்கள் இத்தகைய காத்திருப்புக்கு இடந்தருகின்றனவா என்பதே அம்மாணவரிடம் நான் திருப்பிக் கேட்ட கேள்வி.