தண்ணி சூட்டை அழிக்காது, காவிக்கொண்டு போகும்

சித்திரை வெயிலிலை கொம்பியூட்டரின்ரை ஃபான் இரையத் தொடங்கினால், ‘தண்ணி லூப் ஒண்டு பூட்டுவமோ’ எண்ட கதை எங்கட வட்டத்திலும் வரும். காசை எடுக்க முதல் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்பம். கணினிக்குள் தண்ணீர் அலங்காரத்துக்காக வரவில்லை. காற்றால் ஏலாமல் போன இடத்தில் வந்தது. தேவை தீர்ந்ததும் வெளியே போனது.

1960களின் பிற்பகுதியிலேயே ஐபிஎம் சிஸ்ரம்/360 வரிசையின் மொடல் 91 தண்ணீரால் குளிர்ந்தது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081இல் நூறுக்கு மேற்பட்ட சிப்புகளைக்கூட ஒரே பெட்டிக்குள் அடைத்தார்கள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் பூட்டிய சின்னப் பிஸ்ரன், இடைவெளி முழுக்க ஹீலியம், மேலே தண்ணீர் ஓடும் தட்டு. தண்ணீர் சிப்பைத் தொடவே இல்லை. 1985இல் வந்த கிரே-2 இதற்கு நேர்மாறு: மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள் சர்க்கியூட்டுகளே மூழ்கிக் கிடந்தன.

ஐபிஎம்மின் சூட்டுக்குக் காரணம் அந்தக் காலத்து பைபோலர் டிரான்சிஸ்ரர். வேகமும் கூட, மின்சாரம் குடிப்பதும் கூட. 1990களின் நடுப்பகுதியில் ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்கள் சீமொஸ் சிப்புக்கு மாறத் தொடங்கின, குழாய்கள் கழன்றன. பிறகு சீமொஸ்ஸும் சூடேற, 2008இல் பவர் 575 இயந்திரத்தோடு தண்ணீர் திரும்பி வந்தது.

வீட்டு மேசைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் கம்பனிகள் அல்ல. 1990களின் கடைசியில், சிப்பை அதன் அளவுக்கு மேல் ஓட்டிப் பார்த்த பொடியள்தான். மீன்தொட்டிப் பம்ப், குளிர்நாட்டுக் கார்களுக்குள் சூடு தரும் சின்ன ரேடியேற்றர், கையால் கடைந்த செம்புக்கட்டி: இவ்வளவும்தான் அவர்களின் லூப். 2004இல் அப்பிள் தன் பவர் மக் ஜி5இல் திரவக் குளிரூட்டலைப் பூட்டியது. அவற்றில் சில பின்னாளில் ஒழுகி, உள்ளிருந்த பாகங்களை அரித்தன.

இனி எங்கட திட்டம். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடும் தண்ணீர், 300 வாட் சூட்டை ஏற்றினாலும் ஏறக்குறைய 4 பாகைதான் சூடாகும். அதனால் எந்தச் சிப்புக்கு முதலில் குழாய் போகிறது என்பது பெரிய விஷயமில்லை. ரேடியேற்றரின் பரப்புத்தான் கணக்கு. அறை 32 பாகை என்றால், எவ்வளவு காசு கொட்டினாலும் லூப் அதற்குக் கீழே போகாது. தண்ணீர் சூட்டைக் காவி அதே அறைக்குள்தான் கொட்டுகிறது.

கிணத்துத் தண்ணியை ஊத்தவே கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கிற நீர். கேத்தில் அடியிலை படியிற வெள்ளைப் படிவு, மயிர் அளவு இடுக்குள்ள செம்புக்கட்டிக்குள் படிந்தால் ஓட்டமே அடைபடும். காய்ச்சி வடித்த தண்ணீர், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தோடு வேணும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே லூப்பில் சேர்த்தால் அலுமினியம் அரிபடும். பூட்டி முடிந்ததும், மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் குடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, மூட்டுகளுக்குக் கீழே கடதாசி வைச்சுப் பாருங்கோ.

அதுக்கும் முதல் தூசியைத் தட்டி, சிப்பின் பசையை மாற்றி, பெட்டிக்குள் காற்று ஓட வழிவிட்டுப் பாருங்கோ. ஐபிஎம்முக்கே காற்றுப் போதுமாக இருந்த காலம் உண்டு. எங்கட மேசையிலை காற்று உண்மையாத் தோத்திட்டுதா எண்டதைத் தெரிஞ்சுகொண்டு காசை எடுங்கோ.