4294967297: வடிவமும் வகுத்தியும்

பத்து இலக்கங்களாலான 4294967297 என்னும் எண்ணைக் கணித சரித்திர நூல்கள் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்காட்டி வந்திருக்கின்றன. பிரான்சு தேசத்து மேதையான பெர்மா, 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு ஒன்றைக் கூட்ட முறையே 3, 5, 17, 257, 65537 என்னும் பகா எண்கள் கிடைப்பதைக் கண்டு, அடுக்கை இவ்வாறு இரட்டித்துக்கொண்டே சென்றால் வருவன யாவும் பகா எண்களே என்று 1640-இல் நம்பிக்கையோடு எழுதினார்; அவ்வரிசையில் அடுத்து வரும் 2³² + 1 ஆகிய இவ்வெண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டியதும் அந்நம்பிக்கை தகர்ந்தது. சில உதாரணங்களைக் கொண்டு பொது விதி வகுத்தலாகாது என்னும் படிப்பினை இதில் உண்டென்பது மெய்யே. ஆயினும், ஒரு பேரெண்ணின் இயல்பை அதன் இலக்கங்களிலன்றி அது பிறந்த வடிவத்திலேயே தேட வேண்டும் என்பதற்கு இவ்வெண் சிறந்த சான்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வகுத்தி தேடும் சாமானிய வழி, பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. 641 என்பது பகா எண்களில் 116-ஆவது. ஆகவே அவ்வழியே செல்பவர் நூற்றுக்கு மேற்பட்ட முறை வகுத்துச் சலித்த பின்னரே அதனை அடைவார். இவ்வெண்ணின் பகா வகுத்தி எதுவாயினும் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிரூபித்தார். அவ்விதியின்படி 641 வரையில் சோதிக்கத் தக்கவை 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. 1878-இல் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக உயர்த்தவே, 257, 641 என்னும் இரண்டே எஞ்சின. அவற்றுள்ளும் 257 தானே விலகிவிடுகிறது. ஏனெனில், பெர்மா கண்ட 3 முதல் 65537 வரையிலான ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன் 4294967295. நம் எண் அதனினும் இரண்டே மிகுதியாதலின், அவ்வைந்தில் எதனால் வகுப்பினும் 2 மீதியாக நிற்கும். ஆகவே முதற் சோதனையிலேயே 641 அகப்படுகிறது.

அச்சோதனைக்கும் நீண்ட வகுத்தல் வேண்டுவதில்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ ஆகவும் அமைகிறது. 641-ஆல் வகுக்குங்கால் 5 × 2⁷ என்பதற்கு மீதி −1 எனக் கொள்ளலாம். எனவே அதன் நான்காம் அடுக்காகிய 5⁴ × 2²⁸ என்பதற்கு மீதி 1. இதில் 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று இட்டால், −2³² என்பதன் மீதி 1 என்றாகும். அதாவது, 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

ஈவாகிய 6700417-உம் இவ்வாறே வசப்படுகிறது. அதன் வர்க்கமூலம் 2589-க்குக் குறைவு. அவ்வெல்லைக்குள் லூக்காவின் விதிக்கு இணங்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 முன்னரே விலக்கப்பட்டது. ஏனைய நான்கும் வகுக்காமையால் ஈவு பகா எண்ணே.

வடிவம் தேடலைச் சுருக்குமேயன்றி விடையை எப்போதும் கையில் தந்துவிடாது என்று ஆட்சேபிக்கலாம். 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டிய எண், பகு எண் என்று ஐயமற நிறுவப்பட்டிருந்தும், அதன் வகுத்திகளுள் ஒன்றேனும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் அந்த முடிவே, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 2-இன் அடுக்கு மட்டுமே என்னும் வடிவப் பண்பை ஆதாரமாகக் கொண்டு 1877-இல் பெப்பான் வகுத்த சோதனையால் பெறப்பட்டதாதலின், அவ்வாட்சேபமும் நம் துணிபை உறுதிப்படுத்துவதாகவே முடிகிறது.