வானொலி நாடகமும் மறுநாள் பத்திரிகையும்

மனிதன் தன் கண்ணால் நேரிற் கண்டு அறிவது மிகச் சிறிது. பிறர் சொல்லக் கேட்டு அறிவதே பெரிது. நம்மிற் பலர் இமயமலையைக் கண்டதில்லை. ஆயினும் அது வடக்கே நிற்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. முற்காலத்தில் தண்டோராப் போட்டவனும், யாத்திரை சென்று மீண்டவனும், சந்தைக்குப் போய் வந்தவனும் கொணர்ந்த செய்தியே ஊராருக்கு உலகமாக இருந்தது. பின்னர் அச்சு வந்தது, பத்திரிகை வந்தது, அதன்பின் வானொலி வந்தது. கருவிகள் மாறினவேயன்றி, பிறர் சொல்லை நம்பி வாழும் நம் நிலை மாறவில்லை. ஆகவே, நாம் எதனை மெய்யென்று கொள்கிறோம் என்பதைச் செய்திக் கருவிகள் எவ்வளவு தூரம் முடிவு செய்கின்றன என்பது, ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் வழக்கமாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒலிபரப்பான ஒரு நாடகத்தைக் கேட்டு, செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்துவிட்டனர் என்று நம்பி, நாடே அஞ்சி வீதிக்கு ஓடிவந்தது என்பர். இதனை நாம் இரு கூறாகப் பிரித்து ஆராய்வோம். அன்றிரவு வானொலியில் ஒலித்தது யாது என்பது ஒன்று. மறுநாள் காலை பத்திரிகைகளில் வெளிவந்தது யாது என்பது மற்றொன்று. முன்னதைக் காட்டிலும் பின்னதே நமக்கு மிகுந்த படிப்பினை தருவதாகும்.

முதலில் நாடகத்தைக் காண்போம். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மீது படையெடுத்ததாகக் கற்பனை செய்து எழுதிய கதை 1898-இல் நூலாக வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதனை வானொலி நாடகமாக ஒலிபரப்பியவர் ஆர்சன் வெல்ஸ் என்னும் நடிகர். பெயர் ஒத்திருப்பினும் இருவரும் உறவினர் அல்லர். ஆர்சனுக்கு அப்போது வயது 23. அவருடைய மெர்க்குரி நாடகக் குழு, கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தின் வாயிலாக வாரந்தோறும் நாடகங்களை நடத்தி வந்தது. ஹோவர்ட் கோச் என்பவர் உரையாடல் எழுதினார். கதை நிகழும் இடம் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. அது கற்பனை ஊரன்று. வரைபடத்தில் உள்ள ஊரேயாகும்.

நாடகத்தின் முற்பகுதி வழக்கமான நாடகம்போல் அமையவில்லை. நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரென அதனை நிறுத்தி ஓர் அறிவிப்பாளர் செய்தி சொல்வார். மீண்டும் இசை தொடரும். மீண்டும் செய்தி குறுக்கிடும். வானநூல் பேராசிரியர் ஒருவர் பேட்டியளிப்பார். நிருபர் ஒருவர் குரோவர்ஸ் மில்லில் நின்று, தாம் காண்பதைப் பதைபதைப்புடன் வருணிப்பார். அந்த நிருபராக நடித்தவர், 1937-ஆம் ஆண்டு மே மாதம் ஹிண்டன்பர்க் என்னும் ஆகாயக் கப்பல் தீப்பற்றி வீழ்ந்தபோது ஒரு வானொலி அறிவிப்பாளர் நெஞ்சு நடுங்கப் பேசிய ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டுப் பயின்றவர். பேச்சின் நடுவே அவர் குரல் சட்டென அறுந்துபோகும். சில நொடிகள் மௌனம் நிலவும். உள்துறை அமைச்சராகப் பேசியவரோ, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் குரலைப் போன்ற குரலிற் பேசினார்.

இந்நாடகத்தைச் சிலர் மெய்யென்று மயங்கியதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, அதன் வடிவம். இசையை நிறுத்திச் செய்தி சொல்லும் முறையை மக்கள் அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் நன்கு பழகியிருந்தனர். 1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாகியாவின் பொருட்டு ஐரோப்பாவில் போர் மூளும் நிலை ஏற்பட்டு, மியூனிக் உடன்படிக்கையில் முடிந்தது. அந்நாட்களில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளை இடையிடையே நிறுத்திப் போர்ச் செய்திகளை அறிவித்தவண்ணம் இருந்தது. இரண்டாவது, ஊர்ப் பெயர்களும் பதவிப் பெயர்களும் தெரிந்த பெயர்களாக இருந்தமை. மூன்றாவது, பலர் நாடகத்தைத் தொடக்கமுதல் கேளாமை. அதே நேரத்தில் மற்றொரு நிறுவனத்தின் அலைவரிசையில், எட்கர் பெர்கன் என்னும் கலைஞர் மரப்பொம்மையைப் பேசவைக்கும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் விரும்பிக் கேட்டது அதனையே. இடையில் முள்ளைத் திருப்பி இந்நாடகத்துக்கு வந்தவர்கள், இது நாடகம் என்ற தொடக்க அறிவிப்பைக் கேட்டிலர். அடுத்த அறிவிப்போ, ஏறத்தாழ 40 நிமிடங்கள் கழித்தே வந்தது. அவ்வாறு கேட்டோரிற் சிலர் செவ்வாய்க் கிரகத்தை நினைக்கவேயில்லை. ஜெர்மானியர் படையெடுத்துவிட்டனர் என்றே எண்ணினர்.

இனி, மறுநாட் காலையைக் காண்போம். அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகளின் முதற் பக்கத்தில் இதுவே செய்தி. வானொலி நாடகத்தைப் போரென்று நம்பி மக்கள் பீதியடைந்தனர் என்று பெரிய எழுத்துகளில் தலைப்புகள் வெளியாயின. மக்கள் வீடுகளை விட்டு ஓடினர், அதிர்ச்சியால் மயங்கி வீழ்ந்தனர், தற்கொலைக்கும் முனைந்தனர் என்றெல்லாம் எழுதப்பட்டது. 1940-இல் ஹாட்லி காண்ட்ரில் என்னும் உளநூல் பேராசிரியர் இந்நிகழ்ச்சியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். சுமார் 60 இலட்சம் பேர் நாடகத்தைக் கேட்டனர் என்றும், அவர்களுள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அஞ்சினர் அல்லது மனங்கலங்கினர் என்றும் அந்நூல் கணக்கிட்டது. அதன்பின் இக்கதை பாடநூல்களில் ஏறியது. பாடநூலில் ஏறிய செய்தியை ஐயுறுவோர் யார்?

ஐயுற்றவர்களும் தோன்றினர். பழைய சான்றுகளை அவர்கள் மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, வேறொரு சித்திரம் புலப்பட்டது. ஹூப்பர் என்னும் கணக்கெடுப்பு நிறுவனம் அன்றிரவே தொலைபேசி வாயிலாகச் சுமார் 5,000 இல்லங்களை வினவியிருந்தது. இந்நாடகத்தைக் கேட்பதாகக் கூறியோர் நூற்றுக்கு இருவரே. செய்தி கேட்டுக்கொண்டிருப்பதாகக் கூறியவர் ஒருவருமிலர். நாடகத்தால் இறந்ததாக உறுதிப்பட்ட மரணம் ஒன்றும் இல்லை. காண்ட்ரிலின் நூலுக்காக நேரில் வினவப்பட்டோர் 135 பேர். அவர்களுள் 100-க்கு மேற்பட்டோர், அஞ்சியவர்கள் என்று முன்னரே அறிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணிவிட்டு, ஊரில் அனைவரும் நோயாளிகள் என்று முடிவு கட்டுவது எவ்வாறு? அந்நூல் பயன்படுத்திய நாடு தழுவிய கணக்கெடுப்போ, நிகழ்ச்சிக்கு ஆறு வாரங்கள் கழித்து எடுக்கப்பட்டது. அதற்குள் மக்கள் பத்திரிகைகளைப் படித்துவிட்டனர். தாம் கேட்டது எது, பின்னர் படித்தது எது என்று பிரித்தறிவது அவர்களுக்கே அரிதாயிற்று. ஜெஃபர்சன் பூலி, மைக்கேல் சோகோலோ ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் இவற்றையெல்லாம் தொகுத்து எழுதினர்.

எனினும், ஒருவருமே அஞ்சவில்லை என்று கூறுவதும் உண்மைக்கு மாறாகும். அக்காலத்தில் நேயர்கள் எழுதிய ஏறத்தாழ 2,000 கடிதங்களைப் படித்து, 2015-இல் பிராட் ஷ்வார்ட்ஸ் என்பவர் ஒரு நூல் எழுதினார். எழுதியவர்களிற் பெரும்பாலோர் அஞ்சாதவர்கள். சிலர் மெய்யாகவே அஞ்சியவர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கான்கிரீட் என்னும் சிற்றூரில், நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே மின்சாரம் தடைப்பட்டு ஊர் இருளில் மூழ்கிற்று. அங்கே மக்கள் கலங்கியது இயல்பே. ஆகவே, ஆங்காங்கே சிலர் அஞ்சினர் என்பது வரலாறு; நாடே அஞ்சி ஓடியது என்பது வரலாறு அன்று.

அவ்வாறாயின் அப்பெரும் பீதி எங்கே நிகழ்ந்தது? பத்திரிகையின் பக்கத்தில் நிகழ்ந்தது. ஓர் ஊரில் ஒருவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார்; மற்றோர் ஊரில் ஒரு குடும்பம் அண்டை வீட்டுக்கு ஓடியது; வேறோர் ஊரில் ஒருவர் மயங்கியதாகப் பேச்சு. செய்தி நிறுவனங்கள் இத்துணுக்குகளை நாற்றிசையிலிருந்தும் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அனுப்பின. படிப்பவர் கண்ணுக்கு அது நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் தோன்றிற்று. தனித்தனியே நோக்கின் பல துணுக்குகள் மெய்யாகவே இருந்திருக்கலாம், கூட்டுத்தொகையே பொய்யாயிற்று. இன்னொன்றும் கருதத்தக்கது. தங்கள் அலுவலகத்துக்கு 875 தொலைபேசி அழைப்புகள் வந்தன என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. அது பீதிக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் ஐயம் தோன்றியவுடன் பத்திரிகை அலுவலகத்தை அழைத்து உண்மை யாது என்று வினவுபவர் அறிவிலியா? அவர் செய்தது விசாரணை. தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழியின்படி நடந்தவரை, அஞ்சியோடியவர் கணக்கிற் சேர்த்துவிட்டனர்.

பத்திரிகைகள் இவ்வாறு எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொருளாதார மந்தம் நிலவிய அவ்வாண்டுகளில் பத்திரிகைகளின் விளம்பர வருவாய் குறைந்தது. வானொலியின் வருவாய் பெருகியது. 1933 டிசம்பரில் நியூயார்க் நகரின் பில்ட்மோர் ஓட்டலில் இருதரப்பாரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அதன்படி வானொலி நாளொன்றுக்கு ஐந்து நிமிடச் செய்தி அறிக்கைகள் இரண்டு மட்டுமே ஒலிபரப்ப வேண்டும். அவ்வுடன்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. வானொலியை நம்பிச் செய்தி கேட்பது ஆபத்து என்று காட்டுவதற்கு, 1938-இல் பத்திரிகைகளுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதனை அவை தவறவிடவில்லை. சதி செய்தனர் என்று நான் கூறவில்லை. தமக்கு இனிய செய்தியைச் சோதிக்காமல் ஏற்பது மனித இயல்பு, பத்திரிகையாளரும் மனிதரே.

கதையை மறுக்க வேண்டிய தேவை பிறருக்கும் இல்லை. ஆர்சன் வெல்ஸ் ஓரிரவில் நாடறிந்தவரானார். அதுவரை விளம்பரதாரர் இன்றி நடந்த அவருடைய நிகழ்ச்சிக்கு, அவ்வாண்டு டிசம்பரிலேயே கேம்பெல் சூப் நிறுவனம் விளம்பரதாரராக வாய்த்தது. வானொலிக்கு எத்துணை ஆற்றல் உண்டென்பதற்கு விளம்பரத் தொழிலாருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் அது நல்ல சான்றாயிற்று. எல்லோருக்கும் பயன்பட்ட பொய் நீண்ட ஆயுள் பெற்றது.

வானொலியால் தீங்கே விளையாது என்று இதனாற் கருதிவிடலாகாது. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தலைநகரான கீட்டோவில் இதே கதையை வானொலி நாடகமாக்கி, மெய்ச் செய்திபோல் ஒலிபரப்பினர். மக்கள் உண்மையாகவே அஞ்சி வீதிக்கு வந்தனர். நடந்தது நாடகம் என்று அறிந்தவுடன் அச்சம் சினமாக மாறியது. வானொலி நிலையமும் ஒரு பத்திரிகை அலுவலகமும் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தனர், உயிர்களும் பலியாயின. அங்கே தீ மூண்டது செவ்வாய்க் கிரகத்தாரிடம் கொண்ட அச்சத்தால் அன்று. நம்பிய குரலே வஞ்சித்தது என்ற கொதிப்பால். செய்தி சொல்வோருக்கும் கேட்போருக்கும் இடையே உள்ள நம்பிக்கை எத்துணை அரியது என்பதை அத்தீ காட்டிற்று.

அமெரிக்காவில் அந்நாடகம் ஒலித்த அதே 1938-ஆம் ஆண்டில்தான், ஜூன் 16-ஆம் நாள், நம் சென்னை வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. பின்னாளில் ஊராட்சி வானொலிப் பெட்டி ஒலித்த திடல்களில் நம் மக்கள் மாலைவேளையிற் கூடியிருந்து செய்தி கேட்டனர். “வானொலியிலேயே சொல்லிவிட்டார்கள்” என்பது வழக்கைத் தீர்க்கும் சொல்லாக இருந்தது. “பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது” என்பது அதற்கு மூத்த சொல். இன்றோ கையடக்கக் கருவியில் வந்த படத்தைக் காட்டி, “இதோ பாருங்கள்” என்கிறோம். சொல் மாறியது, அதற்குப் பின்னுள்ள மனம் மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ஒரு செய்தி வரும்போது, சொல்பவர் யார், அவர் அதனை எவ்வாறு அறிந்தார், அதனால் அவருக்குப் பயன் உண்டா என்ற மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் கூறுவது உண்டு. நான்காவது வினா ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நலம். இச்செய்தி என் மனத்துக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது? அமெரிக்க மக்கள் ஒரு நாடகத்தைக் கேட்டு ஓடினர் என்ற கதை பல்லாண்டுகள் வாழ்ந்ததற்கு முதற்காரணம், அது கேட்பவரின் தற்பெருமையை வளர்த்தமையே. “அவர்கள் ஏமாளிகள், நாம் அவ்வாறு ஏமாற மாட்டோம்” என்று அது ஒவ்வொருவர் காதிலும் ஓதிற்று. அவ்வாறு எண்ணியவாறே, அச்சிட்டதை அப்படியே நம்பி ஏமாந்தவர் பலர்.

இதில் பெருமைச் சிறுமை மட்டும் அடங்கியிருக்கவில்லை. பொதுமக்கள் எதையும் நம்பும் மந்தைகள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், அவர்கள் எதைக் கேட்கலாம், எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு சிலர் எடுத்துக்கொள்வது எளிதாகிவிடும். குடியாட்சியோ, சாதாரண மனிதன் விசாரித்து அறியவல்லவன் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. அன்றிரவு ஐயங்கொண்டு தொலைபேசியை எடுத்து, “இது உண்மையா?” என்று வினவிய பெயர் தெரியாத மனிதர்களே அந்நம்பிக்கைக்குச் சான்று. அவர்களுடைய வினாவை நாமும் கற்றுக்கொள்வோமாக.