வரகு என்று முடிவதெல்லாம் வரகா? கொல்லிமலைத் தானியப் பெயர்களும் ஈற்றொலியும்

வரகு, கேழ்வரகு, பனிவரகு. மூன்று பெயரும் ஒரே ஈற்றில் முடிகின்றன. காதில் விழுந்த மாத்திரத்தில் மூன்றும் உடன்பிறப்புகள் என்று தோன்றும். தாவரவியல் அப்படிச் சொல்லவில்லை. வரகு பாஸ்பாலம் என்னும் பேரினம், கேழ்வரகு எலூசைனி, பனிவரகு பானிக்கம். பனிவரகுக்கு நெருங்கிய உறவு எது என்று தேடினால் சாமைதான் அகப்படுகிறது. அதுவும் பானிக்கம் பேரினமே. பெயரில் ஒட்டாத இரண்டு பயிர்கள் பிறப்பில் ஒட்டியிருக்கின்றன. பெயரில் ஒட்டிய மூன்றும் மூன்று கிளைகளில் பிறந்தவை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இந்தச் சிக்கலை ஆராய ஏற்ற இடம். வல்வில் ஓரியின் மலையாகச் சங்க நூல்கள் பேசும் அதே மலை. இங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தினை, சாமை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, ஒவ்வொன்றிலும் பல ரகங்களைப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். சொல்லின் ஈறு ஏதோ ஓர் உறவைக் காட்டுகிறது. அது பிறப்பால் வந்த உறவா, புழக்கத்தால் வந்ததா, வெறும் ஓசையா என்பதை ஈற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அறிவு சொல்லின் முன்பகுதியில் இருக்கிறது.

ஐரோப்பிய மொழியியல் இதைத் தொட்டிருக்கிறது. பெர்டினாண்ட் சசூரின் வகுப்புரைகள் அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாயின. கற்பித்தலைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது மனத்தில் எந்தெந்தச் சொற்களை எழுப்பும் என்று அவர் காட்டினார். பொருளால் நெருங்கிய சொற்கள் ஒரு வரிசை. ஈற்றொலி ஒத்திருப்பதைத் தவிர வேறு தொடர்பே இல்லாத சொற்கள் இன்னொரு வரிசை. இரண்டும் ஒரே மனத்தில்தான் கிடக்கின்றன. ஜே. ஆர். ஃபர்த் 1930இல் வேறொரு பக்கத்தைக் கவனித்தார்: சில ஒலிக்கூட்டங்கள் ஒரே சாயலுள்ள பொருளோடு திரும்பத் திரும்ப வருகின்றன. ஆங்கிலத்தில் கிராஷ், ஸ்மாஷ், பாஷ் என்பவற்றின் ஈறு மோதலை நினைவூட்டும். ஆனால் அதே ஈற்றில் முடியும் கேஷ் என்ற சொல்லில் மோதல் எதுவும் இல்லை. ஓசை ஒரு குறிப்பைத் தரலாம், உறுதி தராது.

தமிழிலும் அப்படியே. பெருமை, அருமை, வறுமை என்று பண்புப் பெயர்களை உண்டாக்கும் ‘மை’ விகுதி சாமையின் கடைசியிலும் ஒலிக்கிறது. சாமையோ பண்பல்ல, உலையில் வேகும் தானியம். ஆமை, ஊமை, சாமை என்று அடுக்கினால் காதுக்கு இனிமை உண்டு, பொருளில் ஒட்டில்லை. யாப்பிலக்கணத்தார் இந்த ஈற்றொற்றுமைக்கு இயைபு என்று பெயரிட்டார்கள். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை தொடை வகைகளில் ஒன்றாக அதைச் சொல்கிறது. ஆயினும் மரபுக் கவிஞர்கள் பெரிதும் நம்பியது மோனையையும் எதுகையையும். அதாவது சொல்லின் முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும். ஆங்கிலச் செய்யுள் நெடுங்காலம் அடியின் கடைசியில் ஓசை தேடியது. தமிழ்ச் செவி சீரின் தொடக்கத்தில் தேடியது. கொல்லிமலைப் பெயர்களைப் படிக்க இந்தச் செவிதான் தேவை.

வரகுக்கும் கேழ்வரகுக்கும் உள்ள தூரம் அடுப்படியில் தெரியும். வரகின் மணியை உமி பல அடுக்காக மூடியிருக்கிறது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் அரிசி வெளிப்படும். சாமைக்கும் தினைக்கும் பனிவரகுக்கும் உமி உண்டு. கேழ்வரகு மணியில் அப்படி ஒட்டிய உமி கிடையாது. கதிரை அடித்துத் தூற்றிவிட்டு நேராகத் திருகையில் போட்டு மாவாக்கலாம். ஒன்று சோறு, மற்றது களியும் கூழும். உலக்கை பிடித்த கைக்கு இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கத் தோன்றாது. ‘கேழ்’ என்னும் சொல்லுக்கு நிறம் என்ற பழம்பொருள் உண்டு. செம்பழுப்பு மணிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பேச்சு வழக்கு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. வடமாவட்டங்களில் கேவுரு, தென்மாவட்டங்களில் கேப்பை. இரண்டிலும் தேய்ந்தது ஈறு, நின்றது முதலெழுத்து.

ஆங்கிலம் இதே பயிர்களுக்கு வேறோர் ஈற்றைச் சூட்டியது. ஃபிங்கர் மில்லட், லிட்டில் மில்லட், கோடோ மில்லட், ஃபாக்ஸ்டெயில் மில்லட், ப்ரோசோ மில்லட். கம்புக்கும் குதிரைவாலிக்கும்கூட அதே ஈறுதான். இலத்தீனில் பனிவரகைக் குறித்த மீலியம் என்ற ஒரு சொல்லிலிருந்து கிளைத்து, சிறுமணிப் புல் தானியங்கள் அனைத்தையும் மில்லட் மூடிக்கொண்டது. முன்பகுதிகளில் சில அழகானவை: கேழ்வரகுக் கதிர் விரல் விரித்தாற்போல் இருக்கும், தினைக்கதிர் நரிவாலைப் போல வளையும். சில தவறானவை. தினைக்கு இத்தாலியன் மில்லட் என்றும் பெயர் உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய பெயரிலும் இத்தாலி ஒட்டிக்கொண்டது. தினை முதலில் பயிரானது சீனாவில்.

இந்த ஈறு உணவுப் பேச்சில் தீங்கு செய்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின், மில்லட் என்றாலே சுண்ணாம்புச் சத்து என்ற எண்ணம் பரவலாகிவிட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 344 மில்லிகிராம், வரகில் 27, சாமையில் 17. மில்லட் என்ற ஒரே ஈற்றுக்குள் இருபது மடங்கு வேறுபாடு. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய்க்கு ‘மில்லட் மாவு’ என்று மட்டும் அச்சடித்த பாக்கெட்டைக் கொடுப்பது அவளுக்கு வேண்டிய தகவலை மறைப்பதாகும்.

கொல்லிமலைக்குள் வந்தால் முன்பகுதி மேலும் கூர்மையாகிறது. சாமையில் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திருகுலசாமை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு. தினையில் செந்தினை, பாலந்தினை, மூக்கந்தினை, பெருந்தினை. இங்கே ஈறு பொய் சொல்லவில்லை: எல்லாச் சாமையும் சாமைதான். நிறம், பருமன், கதிரின் சுருள் என்று உழவர் கண்டு தெரிந்தது முன்னே நிற்கிறது. மரவள்ளியும் காபியும் மிளகும் பரவப் பரவச் சிறுதானியக் காடுகள் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் இந்த ரகங்களைத் தொகுத்து, ஊர் விதை வங்கிகளும் உமி நீக்கும் எந்திரங்களும் அமைக்க உதவியது. ஒரு ரகம் நிலத்தை விட்டுப் போகும்போது ஈறு போவதில்லை. சாமை என்ற சொல் எங்கும் இருக்கும். போவது ‘மல்லிய’ என்ற முன்பகுதி.

ஈறு ஒத்தாலும் பொருள் ஒட்டாது என்பதற்கு ஊர்ப்பெயர்களும் சான்று. மலையின் ஊராட்சிகள் பதினான்கும் நாடு என்று முடிகின்றன: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேலூர்நாடு, அரியூர்நாடு, பைல்நாடு. கூடவே சோளக்காடு, செம்மேடு. நாடு, காடு, மேடு என்று இயைபு கச்சிதமாக விழுகிறது. ஆனால் ஒன்று ஊர்த்தொகுதி, ஒன்று நிலம், ஒன்று உயரம். காடு என்றதும் அடர்வனத்தை நினைக்க வேண்டாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் உழுது விதைக்கும் புன்செயும் காடுதான்.

ஆங்கில எழுத்தில் இவற்றைப் பதிவு செய்யும்போது இன்னொரு இடர் சேர்கிறது. பெருந்தினை ஒரு தானிய ரகம். பெருந்திணை தொல்காப்பியம் பேசும் ஒவ்வாக் காமம். தமிழில் ஒரே ஓர் எழுத்து, னகரமும் ணகரமும், இரண்டையும் பிரிக்கிறது. ஆய்வறிக்கைகள் வழக்கமாகக் கையாளும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த வேறுபாடு மறைந்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. மலைத் தானியமும் அகப்பொருள் இலக்கணமும் ஒரே தேடலில் குழம்பிக் கிடக்கும்.

2001இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உழவர்களின் ரகங்களையும் பதிவு செய்ய வழி தருகிறது. பதிவாகும் ரகத்துக்குத் தனியே அடையாளம் காட்டும் பெயர் வேண்டும். வெறும் எண்ணைப் பெயராக வைக்க முடியாது. அந்தப் பெயரிடும் வேலையைக் கொல்லிமலை உழவர்கள் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செய்து முடித்திருக்கிறார்கள். விதைப்பையிலும் அறிக்கையிலும் கடைப் பாக்கெட்டிலும் ரகத்தின் முழுப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட ஒரு வரி இடம் போதும்.