அரசுக்கு முன்னே நடந்த நகரம்

வாசல் வரை வந்த போர்கள் - 9

1971 ஜூலை 25. கல்கத்தாவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணநகரில் ஒரு கால்பந்து ஆட்டம். ஒரு பக்கம் நாடியா மாவட்ட அணி. எதிர்ப்பக்கம், கிழக்கு பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்த ‘சுதந்திர வங்காளக் கால்பந்து அணி’. அணித் தலைவர் ஜகாரியா பிண்டு. ஆட்டத்தின் வசூல் விடுதலைப் போராட்ட நிதிக்குப் போகும்.

வந்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். எங்கள் கொடியை ஏற்றினால்தான் ஆடுவோம்.

அந்தக் கொடிக்குரிய நாட்டை அன்று உலகில் எந்த அரசும் அங்கீகரித்திருக்கவில்லை. இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. அரசு மைதானத்தில் அதை ஏற்றுவது டெல்லியின் கொள்கைக்கு முரண். ஆனால் மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் ஆட்டக்காரர்களின் பக்கம் நின்றது. நேரம் ஓடியது. கடைசியில் மாவட்டக் கலெக்டர் இசைந்தார். கொடி ஏறியது. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. கலெக்டர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, அதே அணி கல்கத்தாவில் ஆடியது. எதிரணி மோகன் பாகான். அங்கீகாரமில்லாத ஒரு நாட்டின் அணியோடு ஆடினால் சிக்கல் வருமே என்று, அந்தப் புகழ்பெற்ற கிளப் தன் பெயரை மறைத்துக்கொண்டது. பழைய தற்காப்பு ஆட்டக்காரர் கோஷ்ட பால் பெயரில் ‘கோஷ்ட பால் லெவன்’ என்று களமிறங்கியது. தலைமை தாங்கியவர் சுனி கோஸ்வாமி.

பக்கத்து நாட்டில் நடக்கும் ஒரு சண்டையில் தன் அரசு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சாதாரண மக்கள் முதலில் முடிவு செய்துவிட்டார்கள். மார்ச்சில் சண்டை தொடங்கி எட்டு மாதம் கழித்துத்தான் அரசு அதைச் சொன்னது. அந்த எட்டு மாதங்களின் கதை இது.

டாக்காவில் விழுந்த அடி

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத் தேர்தல் நடந்தது. கிழக்கு பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுமைக்கும் ஆட்சி அமைக்கும் பெரும்பான்மை அதற்கு இருந்தது. ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் சுட்டுக் கொன்றது. முஜிப் கைதானார்.

மார்ச் 31 அன்று இந்திய நாடாளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் பிரதமர் இந்திரா காந்தி. தீர்மானத்தில் பரிவு இருந்தது, ஒருமைப்பாடு இருந்தது. அங்கீகாரம் இல்லை, படை இல்லை.

கல்கத்தா அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே கல்கத்தா பல்கலைக்கழக ஆசிரியர்கள் துணைவேந்தர் சத்யேந்திரநாத் சென் தலைமையில் வங்கதேச உதவிக் குழுவை அமைத்தார்கள். ஓடிவந்த பேராசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் தேடிக் கொடுத்தது அந்தக் குழு. ஏப்ரல் 17 அன்று எல்லையோர மாந்தோப்பு ஒன்றில் வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றபோது, அதை உலகுக்குச் சொன்ன செய்தியாளர்கள் கல்கத்தா பிரஸ் கிளப்பிலிருந்து விடியும் முன் கிளம்பியவர்கள். மறுநாள், பார்க் சர்க்கஸ் பகுதியின் சர்க்கஸ் அவென்யூவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகத்தில், துணைத் தூதர் ஹொசைன் அலி பாகிஸ்தான் கொடியை இறக்கிவிட்டு வங்கதேசக் கொடியை ஏற்றினார். அவரும் அவருடைய வங்காளி ஊழியர்களும் ஒரே நாளில் நாடு மாறினார்கள்.

தியேட்டர் ரோடு 8-ஆம் எண் வீட்டில் தற்காலிகப் பிரதமர் தாஜுதீன் அகமது தங்கி, அங்கிருந்தே அரசை நடத்தினார். புதுச்சேரிக்கு வந்து வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தர் பிறந்த வீடு அது. பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் சுதந்திர வங்காள வானொலி இயங்கியது. ஆகாசவாணி கல்கத்தாவில் பிரணவேஷ் சென் எழுதிய செய்தித் தொகுப்பை தேவ்துலால் பந்தோபாத்யாய் வாசிக்க, எல்லைக்கு அப்பால் மக்கள் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினியின் வீரர்களுக்கு இந்திய ராணுவம் பயிற்சி தருவதை டெல்லி வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத காலம் அது. கல்கத்தாவின் டீக்கடைகளுக்கு அது ரகசியமே இல்லை.

ஆறு பேருக்கு ஒருவர்

நகரத்தின் கருத்தை உருவாக்கியது மேடைப் பேச்சு மட்டுமில்லை. எல்லையிலிருந்து கல்கத்தாவுக்கு வரும் ஜெசோர் ரோடு வழியாக நடந்து வந்த மனிதர்களும்தான்.

ஆண்டு முடிவதற்குள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அவர்களில் சுமார் 75 லட்சம் பேர் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலத்தில் இருந்தவர்கள் 4 கோடியே 43 லட்சம். ஆறு பேர் வாழும் இடத்தில் இன்னும் ஒருவர், அதுவும் உடுத்திய துணியோடு. கல்கத்தாவின் கிழக்கே புதிதாக எழுந்துகொண்டிருந்த சால்ட் லேக்கில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் முகாமில் இருந்தார்கள். கழிவுநீருக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன.

ஜூன் மாதம் காலரா பரவியது. எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்திலிருந்து போயிருந்த டாக்டர் திலீப் மஹலாநபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டும்படி செய்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது அந்த முகாமில்தான். 2022-இல் காலமான அவருக்கு, மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

எழுத்தாளர் மைத்ரேயி தேவி, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக ‘கேலாகர்’ இல்லத்தைத் தொடங்கினார். கௌரி அய்யூப் துணை நின்றார். ஜாதவ்பூர், பிஜய்கர் காலனிகளில் குடியிருந்தவர்கள் 1947-க்குப் பின் இதே வழியில் வந்தவர்கள். தங்கள் ஒற்றை அறையை உறவினர்களுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மொத்த அகதிகளில் சுமார் 30 லட்சம் பேர் முகாமுக்கே போகாமல் இப்படி வீடுகளில்தான் தங்கினார்கள்.

சுமை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1971 நவம்பர் 15 முதல் அகதிகள் நிவாரணத்துக்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா கூடுதல் தபால்தலை கட்டாயமானது. மதுரையிலிருந்து தஞ்சாவூருக்குக் கடிதம் போட்டவரும் ஜெசோர் ரோட்டில் நடந்தவருக்குப் பங்கு கொடுத்தார்.

ஒரே குரல் இல்லை

கல்கத்தா முழுக்க ஒரே குரலில் பேசியது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

மேற்கு வங்க மாநிலத் தேர்தலில் தனிப்பெரும் கட்சியாக வந்தும் ஆட்சிக்கு வெளியே இருந்த மார்க்சிஸ்ட் கட்சி, உடனே அங்கீகாரம் கொடு, ஆயுதம் கொடு என்றது. மே மாதம் மாநிலச் சட்டமன்றமும் அங்கீகாரம் கோரித் தீர்மானம் போட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணும் அதையே கேட்டு ஊர் ஊராகப் பேசினார். நக்சல்பாரி இயக்கத்தில் இருந்தவர்கள் நேர்மாறாக நின்றார்கள். அவர்கள் வழிகாட்டியாகக் கொண்ட சீனா பாகிஸ்தானின் நண்பன். இந்திய அரசு எல்லைக்கு அப்பால் விடுதலை தருவதாகச் சொல்வதை அவர்கள் நம்பவே இல்லை.

நம்பாததற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. அதே மாதங்களில் கல்கத்தாவின் சந்துகளில் போலீஸும் மத்திய ரிசர்வ் படையும் வீடு வீடாக இளைஞர்களைத் தேடின. ஆகஸ்டில் காசிப்பூர், பராநகர் பகுதிகளில் பலர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். மாநிலம் ஜூன் இறுதியிலிருந்து குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. பகலில் அகதி முகாமுக்கு அரிசி வசூலித்த குடும்பம், இரவில் தன் மகனைக் காப்பாற்ற வழி தெரியாமல் விழித்திருந்தது.

நகரின் உருது பேசும் முஸ்லிம்களில் பலருக்குக் கராச்சியிலும் டாக்காவிலும் உறவுகள். பாகிஸ்தான் உடைவதை அவர்கள் கலக்கத்தோடு பார்த்தார்கள். வெளியே பேச அஞ்சினார்கள். எல்லை மாவட்டக் கூலித் தொழிலாளிக்கு வேறு கவலை. பாதிக் கூலிக்கு வேலை செய்ய அகதிகள் தயாராக இருந்தார்கள். காய்கறி விலை ஏறியது. பள்ளிகள் முகாம்களானதால் பிள்ளைகளின் படிப்பு நின்றது. இந்த முணுமுணுப்பு கல்நெஞ்சம் அல்ல. தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவனுக்குத் தன் தட்டில் எவ்வளவு மீதி என்று பார்க்கும் உரிமை உண்டு.

அரசின் கணக்கு

டெல்லி ஏன் காத்திருந்தது? ஏப்ரலிலேயே படையை அனுப்ப முடியாது என்று தலைமைத் தளபதி மானெக்ஷா பிரதமரிடம் சொன்னார். மழை தொடங்கினால் கிழக்கு வங்கத்தின் ஆறுகள் கடலாகிவிடும். இமயக் கணவாய்கள் பனியால் மூடாதவரை சீனா இறங்கி வரலாம். ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பீஜிங் போய்வந்தார். போக வழி செய்தது பாகிஸ்தான். ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிறகு இந்திரா காந்தி மேற்கு நாடுகளுக்குப் போய் அகதிகளின் நிலையை எடுத்துச் சொன்னார்.

ராணுவக் கணக்காக அது சரியாகவே இருந்தது. அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர்கள் முகாம்களில் செத்த குழந்தைகள் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு பாதி வரலாறு.

டிசம்பர் 3 அன்று கல்கத்தாவின் பிரிகேட் மைதானத்தில் இந்திரா காந்தி பல லட்சம் பேர் முன்னால் பேசினார். மேற்கே இந்திய விமானத் தளங்கள் மீது பாகிஸ்தான் குண்டு போட்ட செய்தி, அவர் கல்கத்தாவில் இருந்தபோதுதான் வந்தது. அன்றிரவே டெல்லி திரும்பினார். டிசம்பர் 6 அன்று வங்கதேசத்துக்கு அங்கீகாரம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி, கல்கத்தா வில்லியம் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கட்டளைத் தளபதி அரோராவிடம் சரணடைந்தார். 1972 பிப்ரவரி 6 அன்று அதே பிரிகேட் மைதானத்தில் சிறை மீண்ட முஜிபும் இந்திராவும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த மாதம் நடந்த மாநிலத் தேர்தலில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. வாக்குச்சாவடிகளில் நடந்த முறைகேடுகள் பற்றிய புகார் இன்றுவரை ஓயவில்லை. மூன்றே ஆண்டில் நெருக்கடி நிலை வந்தது. மக்கள் அகதிகளுக்காகக் காட்டிய பரிவை அரசு தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

எது மக்களுடையது, எது அரசுடையது

1971-இல் இந்தியா செய்தது சரியா என்று கேட்டால், சரி என்றே சொல்வேன். கொல்லப்பட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது உயிர் கொடுத்தது. வீடு திரும்ப முடிந்த லட்சக்கணக்கானோர் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சரியில் மக்களின் பங்கு வேறு, அரசின் பங்கு வேறு. முகாமில் உப்புநீர் புகட்டியதும் ஒற்றை அறையைப் பிரித்துக் கொடுத்ததும் கொடியை ஏற்ற வைத்ததும் மக்கள். எல்லை, சீனா, சோவியத் என்று கணக்குப் போட்டது அரசு. அந்த ஆண்டு இரண்டும் ஒரே திசையில் போயின. எப்போதும் அப்படிப் போகும் என்று நம்புகிற குடிமகன் அரசிடம் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறான்.

அந்த வெற்றிக் களிப்பில் கல்கத்தா கேட்காமல் விட்ட கேள்வியும் உண்டு. வங்கதேசத்தில் இருந்த உருது பேசும் பிஹாரிகள் பழிவாங்கலுக்கு ஆளானார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் டாக்காவின் ஜெனிவா முகாமின் நெரிசலில் வாழ்கிறார்கள். மொழியால் நமக்குச் சொந்தம் இல்லாதவன் சாகும்போதும் அதே குரல் எழ வேண்டும்.

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி இழந்து இந்தியா வந்த பிறகு, அந்தப் பழைய உறவு கசந்தது. இந்தியா விசாக்களைக் குறைத்தது. வங்கதேசத்தாரை நம்பிப் பிழைத்த கொல்கத்தாவின் மார்க்விஸ் தெரு விடுதிகளும் பணமாற்றுக் கடைகளும் ஆளில்லாமல் கிடந்தன. அந்த ஆண்டின் இறுதியில் நகரின் ஒரு மருத்துவமனை, வங்கதேச நோயாளிகளுக்குச் சிகிச்சை இல்லை என்று அறிவித்தது. நோயாளியிடம் நாட்டைக் கேட்கக் கூடாது என்று மற்ற மருத்துவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். மஹலாநபிஸின் நகரத்தில் அந்த எதிர்ப்புக் குரல்தான் 1971-இன் உண்மையான வாரிசு. டெல்லிக்கும் டாக்காவுக்கும் நடுவே உறவு எப்படி இருந்தாலும், எல்லை தாண்டி வரும் மனிதரை எப்படி நடத்துவது என்பதை மக்கள் தாங்களே முடிவு செய்ய முடியும். கல்கத்தா ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது.

மக்களின் பரிவும் அரசின் கணக்கும் எதிரெதிர்த் திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. தமிழக முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அந்த மறுப்பின் பின்னால் இருந்த மக்கள் மனத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)