வரிவடிவமும் எழுத்துக்கூட்டலும்: தமிழ்ச் சீர்திருத்தம் குறித்து ஒரு நோக்கு

எழுத்துச் சீர்திருத்தம் என்னும் ஒரே பெயரால் இருவேறு செயல்களைச் சுட்டுகிறோம். வரிவடிவத்தை மாற்றுவது ஒன்று. எழுத்துக்கூட்டலை மாற்றுவது மற்றொன்று. பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தில் இரண்டும் கலந்திருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக்கால் இட்டதும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவை நீக்கியதும் முதல்வகை. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ சேர இவை பதின்மூன்று. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதியது இரண்டாம் வகை.

1978இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தபின் பதின்மூன்று வடிவங்களும் பாடநூல்களில் ஏறின; ஐயும் ஔவும் நீடித்தன. ‘அய்’ மரபுக்குப் புறம்பானது என்னும் வாதம் வலுவற்றது. அகரத்தின்பின் வரும் யகரமெய் ஐகாரம்போல் தோன்றும் எனத் தொல்காப்பியமே கூறுகிறது. மெய்யான தடை அகராதியில் உள்ளது எனலாம். ‘லை’ உருமாறினும் சொல்லின் இடம் மாறாது. ‘ஐயம்’ ‘அய்யம்’ ஆயின் மாறும்.

ஸ்பானிய மொழியில் அந்திரேஸ் பெல்லோ 1823இல் முன்வைத்தது, ஓரொலிக்கு ஓரெழுத்து என்னும் எழுத்துக்கூட்டல் மாற்றம். சிலி நாடு அதன் ஒரு பகுதியை 1844இல் ஏற்று, 1927இல் கைவிட்டது. ஏனைய ஸ்பானிய நாடுகள் உடன்வராமையால் அச்சும் கல்வியும் பிளவுபட்டன.

பழைய நூல்களை மறுபதிப்பிடுவோர் துதிக்கை ‘லை’யைத் தயக்கமின்றி மாற்றலாம். பெரியார் எழுத்தில் வரும் ‘அய்’யை ‘ஐ’ ஆக்குவது பதிப்பு ஆகாது, திருத்தம் ஆகும்.